எட்டு ஓடு, எட்டுக் கதவு

ஐந்தாவது நத்தை ஓட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார் கோதண்டம். இன்னும் நாற்றம் போகவில்லை. மற்ற ஏழும் இரண்டு கொதியிலேயே வழிக்கு வந்துவிட்டன. இது ஒன்றுதான் கடைசிச் சுற்றில் எங்கேயோ நத்தையின் வால் துணுக்கை இறுகப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறது. மொட்டை மாடியில் கற்றாழைத் தொட்டிக்குப் பக்கத்தில், எறும்புச் சாரை போகிற வழி பார்த்து மூன்று நாள் வைத்திருந்தார். எறும்புகளும் எட்டுகிற வரைக்கும்தான் வேலை பார்த்திருக்கின்றன. குழாயைத் திறந்து ஓட்டுக்குள் தண்ணீர் நிரப்பி, கட்டை விரலால் வாயை அடைத்துக் குலுக்கினார். குலுக்கினால் வராது. அது மனைவி குணவதி சொன்னது, போன ஞாயிற்றுக்கிழமை போனில். "தண்ணிய ரொப்பி குலுக்காதீங்க. அது உள்ள போன சுத்துலயே திருப்புங்க, தானா வந்துடும்." உள்ளே போன சுற்று என்றால் எந்தப் பக்கம், வலமா இடமா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பேச்சு இன்னும் அரை நிமிஷம் நீண்டிருக்கும். அது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பதினோரு மாசமாக இதே கதைதான். கேட்க வேண்டியதெல்லாம் போனை வைத்த பிறகு வரிசையாக வந்து நிற்கும், வண்டி போன பிறகு பிளாட்பாரத்துக்கு ஓடி வருகிறவர்கள் மாதிரி. அடுப்பில் பழைய அலுமினியக் குண்டானில் மூன்றாவது கொதிக்குத் தண்ணீர் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது. பால் பாத்திரத்தில் வைத்திருந்தால் வந்ததும் வராததுமாக மோப்பம் பிடித்துவிடுவாள். சமையல்கட்டு கடிகாரத்தில் மணி ஒன்றே கால். கோவை வண்டி பெரம்பூருக்கு மூன்றரைக்கு வரும்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "எனக்கு வழி தெரியாதா?" அவ்வளவுதான். கோபமாகச் சொன்னாளா என்று நாலைந்து தடவை அந்த வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாயிற்று, கோபம் தட்டுப்படவில்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை. முப்பத்தோரு வருஷத்தில் அவள் கோபத்தை எப்படிச் சமாளிப்பது என்று அவருக்குத் தெரியும், அரை முழம் மல்லிப்பூவில் முடிகிற விவகாரம். இது வேறு. மகள் பொற்கொடியின் பிரசவத்துக்கு என்று கோவைக்குக் கிளம்பியவள், குழந்தை பிறந்து, தொட்டில் கட்டி, அது இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறதாம், வர மாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை, எப்போது வருகிறாய் என்று அவரும் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ரெண்டு பேரும் தொட்டி மீனைப் பற்றியே பேசிப் பேசிப் பதினோரு மாசத்தை ஓட்டியாயிற்று. போன ஞாயிறு திடீரென்று சொன்னாள், வெள்ளிக்கிழமை வருகிறேன், ரெண்டு நாள் இருப்பேன், ஸ்வெட்டர், புடவை, தையல் பெட்டி எல்லாம் எடுக்கணும் என்று. எடுக்கணும். அந்தச் சொல்லைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை. அதற்கு மேலே பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வேறு, நல்ல மனுஷன், உதவி செய்கிறோம் என்று நினைத்துச் சொல்கிறார், "மீனைக்கூட கொண்டாந்துடலாம் அத்தே, ஓட்டோட பக்கெட்ல வச்சா வந்துடும்." அவள் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எட்டு ஓடு கழுவி வையுங்க" என்றாள் அவரிடம். எதற்கு எட்டு ஓடு? இங்கே தொட்டியில் போடவா, அங்கே பக்கெட்டில் போடவா? அதையும்தான் கேட்கவில்லை. ஆனால் சாவி அவளிடம்தான் இருக்கிறது. போகும்போது வாசல் சாவியை எடுத்துக்கொண்டுதான் போனாள், ஆணியில் இவருடைய சாவி மட்டும் ஒற்றையாகத் தொங்குகிறது. திரும்ப வராதவள் சாவியை எதற்கு எடுத்துப் போகிறாள் என்று எத்தனையோ காலை அந்த ஆணியைப் பார்த்தே காப்பி குடித்திருக்கிறார். அவளோடு சேர்ந்து அந்தச் சாவியும் அவருக்கு வேண்டியிருந்தது.

தொட்டி ஹாலில் இருக்கிறது, அவருடைய பிளாஸ்டிக் நாற்காலிக்கு நேர் எதிரே. கொளத்தூரில் ஒரு கடையில் ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த மீனைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள் குணவதி. சுண்டு விரல் நீளம்கூட இல்லை, சாம்பல் நிறத்தில் கோடு போட்ட உடம்பு, பார்ப்பதற்கு ஒன்றும் அழகில்லை. ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரியில் காலி நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் பண்ணுகிற ஜாதி என்று கடைக்காரன் சொன்னான். தங்க மீன் வாங்கலாமே, கலராக இருக்குமே என்றார் இவர். "இதான்" என்றாள். தன் தையல் காசில் வாங்கினாள், ஆகவே மேற்கொண்டு பேச இவருக்கு வழியில்லாமல் போயிற்று. ஆளுக்கு ஒரு ஓடு. ஆணும் பெண்ணும் ஜோடி சேரும், குஞ்சு பொரிக்கும், எல்லாம் உண்டு, ஆனால் ஓடு மட்டும் அவளவளுக்குத் தனி. ஆண் பக்கத்தில் வந்தாலும் வாசலோடு சரி. அவள் ஊருக்குப் போன முதல் மாசம், வீட்டில் பேச்சுக் குரலே இல்லாமல் காது அடைத்துப் போன மாதிரி இருந்த நாட்களில், மீன்களாவது கண்ணுக்குத் தெரியட்டும் என்று தொட்டிக்குள் கைவிட்டு எல்லா ஓட்டின் வாயையும் தன் நாற்காலியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். விடிந்து பார்த்தால் ஒரு ஓடுகூட அப்படி இல்லை. மணலை வாரி வாரித் தோண்டி, ஓட்டைப் புரட்டி, தங்களுக்கு வேண்டிய பக்கம் வாசலை வைத்துக்கொண்டு, மிச்சத்தை மணலால் மூடிவிட்டிருந்தன. மறுபடி திருப்பினார். மறுபடி அதே கதை. நாலாம் நாள் விட்டுவிட்டார். சுண்டு விரல் சைஸ் பிராணியிடம் தோற்றுப்போனதை அன்றைக்குப் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள், வெகுநேரம் சிரித்தாள், அவ்வளவு சிரிக்க அதில் என்ன இருந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை திருப்பி வைக்கலாமா என்று தோன்றியது. இப்போது குஞ்சுகள் வளர்ந்து பெரிசாகிவிட்டன, ஓடு கிடைக்காத நாலைந்து பெண்கள் தொட்டியின் மூலையில், கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆண் வந்து விரட்டினால் ஒண்ட இடமில்லை. சிலது ஹீட்டருக்குப் பின்னால் போய் நிற்கும். பார்க்கவே என்னவோபோல் இருக்கிறது.

அவர் மனசில் ஒரு சின்னச் சூழ்ச்சி இருந்தது, அதை இப்போதே சொல்லிவிடலாம். இரண்டரைக்குள் எட்டு ஓட்டையும் தொட்டிக்குள் போட்டுவிட வேண்டும். போட்ட அரை மணியில் மீன்கள் புகுந்துவிடும், மணலைத் தோண்டிக் குடியேறிவிடும். குடியேறிய மீனைப் பிடுங்கி எடுத்துப்போக அவளுக்கு மனசு வராது. மீன் இங்கே இருந்தால் மீனுக்காகவாவது. அதற்கு மேல் அவர் அந்த யோசனையை நீட்டவில்லை, நீட்டினால் வெட்கமாக இருந்தது. அறுபத்தோரு வயசில் பெண்டாட்டியைப் பிடித்து வைக்க நத்தை ஓட்டை நம்ப வேண்டியிருக்கிறது. ஐந்தாவது ஓட்டைக் கொதிதண்ணீரில் விட்டார், அது இரண்டு முறை தளும்பி, காற்றுக்குமிழியைக் கக்கிவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. வினிகர் விட்டால் நொடியில் பளபளவென்று ஆகிவிடும் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். "வினிகரு எலுமிச்சம்பழம் எதுவும் கூடாது, ஓடு அரிச்சுப் போயிடும்" என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அவர் சீக்கிரம் முடிக்கிற வழியைத்தான் தேடுவார் என்று அவளுக்குத் தெரியும். அவள் குளியலறையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அது எங்கிருந்து இப்போது ஞாபகம் வந்தது? வினிகரிலிருந்தா? குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பாள், பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். இவர் போய்க் கதவைத் தட்டுவார், தண்ணி வீணாகுது, உள்ள என்ன பண்ற? "ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன்." இதை டீக்கடையில் ஜோக்காகச் சொல்லியிருக்கிறார், என் வீட்டுக்காரி பாத்ரூமில் தியானம் பண்றா என்று. எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டிலேயே உள்ளேயிருந்து சாத்திக்கொள்கிற கதவு அது ஒன்றுதான் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. படுக்கையறைக் கதவு மழைக்கு ஊதி, பத்து வருஷமாகச் சாத்த வராமல் கிடந்தது. ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டர். சொந்த வீட்டுக் கதவை இழைக்க நேரமில்லை.

சிங்க்குக்குப் பக்கத்தில் கேரி பேக் கிடந்தது. அதன் அடியில் இன்னும் என்னவோ கலகலவென்றது. கவிழ்த்துக் கொட்டினார். எட்டு வில்லைகள், சட்டைப் பொத்தானைவிடப் பெரிசு, சாம்பல் வெள்ளை, ஒரு பக்கம் கொஞ்சம் குழிந்து. மார்க்கெட்டில் நத்தைக்கறி விற்கிற அம்மா கறியை எடுத்துக்கொண்டு ஓடுகளைச் சும்மாவே கொடுத்தபோது இதையும் சேர்த்துப் போட்டிருந்தாள். இதென்னம்மா, நகம் மாதிரி என்று கேட்டதற்கு, "அது கதவு சார். உள்ள பூந்துகினு இஸ்து சாத்திக்கும். அப்பால நீ இன்னா பண்ணாலும் தொறக்காது" என்றாள். வெந்நீரில் போட்டால்தான் திறக்குமாம். பாவம். அவர் அப்போது சிரித்துவிட்டு வந்தார். கதவு என்றதும் அறை ஞாபகம் வந்தது, இந்த ஒரு வாரமாக எதைத் தொட்டாலும் அந்த அறையில் போய்த்தான் முட்டுகிறது. ஸ்டோர் ரூம். அவள் கல்யாணமாகி வந்த ஏழாவது வருஷமோ எட்டாவது வருஷமோ முதல் தடவை கேட்டாள், அந்தச் சின்ன ரூமை ஒழிச்சுக் குடுங்க, மெஷினைப் போட்டுக்கறேன். அப்புறம் மெஷினை விட்டுவிட்டாள், ரூமை மட்டும் கேட்டாள். "தனியா உக்காந்து என்ன பண்ணப் போற?" என்று இவர் கேட்பார். அதற்கு அவளிடம் பதில் இருந்ததில்லை. பதில் இல்லாததால் அவர் ஜெயித்துவிட்டதாக அர்த்தம். உள்ளே அவருடைய எரிந்துபோன ஃபேன் மோட்டார்கள், காய்ந்த பெயிண்ட் டப்பாக்கள், கால் ஒடிந்த ஸ்டூல், எல்லாம் எதற்காவது ஆகும் என்று. எதற்கும் ஆகவில்லை. போன மாசம் மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்தார். சுண்ணாம்பு அடித்தார், ஜன்னலுக்கு வலை போட்டார், கதவைக் கழற்றி இழைத்து மாட்டினார், பித்தளையில் தாழ்ப்பாள் வாங்கித் தன் கையாலேயே முடுக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வலியில்கூட ஒரு சந்தோஷம் இருந்தது.

வீடியோ காலில் காட்டினார். பொற்கொடி ஆகா அப்பா என்றாள், மாப்பிள்ளை சூப்பர் மாமா என்றார். குணவதி போனை வாங்கிப் பார்த்தாள். சுவரைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார், பின்னால் நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துக் காட்டினார், எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது பார் என்று. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தார், கட்டாகவில்லை, அவள் கண் இமைத்தது. "தாழ்ப்பாள் புதுசா இருக்கே" என்றாள். பித்தளை, என்றார் இவர். "ம். நல்லா இருக்கு." அதோடு போனைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டாள். நல்லா இருக்கு. அந்தக் குரல்தான் ஒரு மாசமாக அவர் காதிலேயே நிற்கிறது. குழம்பில் உப்பு இல்லை என்று தெரிந்தும் விருந்தாளி வீட்டில் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது சொல்வாளே, அந்த நல்லா இருக்கு. என்ன குறை? சுண்ணாம்பு வெள்ளைக்குப் பதில் வேறு கலர் அடித்திருக்க வேண்டுமா? இருபது வருஷம் கழித்துக் கொடுக்கிறான் பார் என்று நினைத்தாளா? அப்படி நினைத்திருந்தால் நியாயம்தான், காலில் விழச் சொன்னாலும் விழலாம். ஆனால் அவள் தாழ்ப்பாளைப் பற்றி அல்லவா பேசினாள்? இத்தனை செய்ததில் தாழ்ப்பாளை மட்டும் ஏன் பார்த்தாள்?

ஐந்தாவது ஓட்டை இடுக்கியால் எடுத்து ஆறவிட்டு, தண்ணீர் நிரப்பி, இந்தத் தடவை குலுக்காமல், சுருள் போகிற போக்கிலேயே மெல்லத் திருப்பினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. கறுப்பாக ஒரு துணுக்கு வழுக்கிக்கொண்டு வந்து சிங்க்கில் விழுந்தது, ஒரு மல்லாடலும் இல்லாமல். முகர்ந்தார். கொதித்த சுண்ணாம்பு வாசனை மட்டும். அட, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், யாராவது பக்கத்தில் இருந்தால் காட்டியிருப்பார், குணா இங்க வா என்று கூப்பிட வாய் பாதி திறந்தே விட்டது. வாயை மூடிக்கொண்டு, கை சும்மா இருக்காமல், வில்லைகளில் ஒன்றை எடுத்து ஓட்டின் வாயில் வைத்துப் பார்த்தார். ஃபிட்டர் புத்தி. வெளியிலிருந்து வைத்தால் நிற்கவில்லை, விழுந்தது. சரியான ஓடு எது என்று ஒவ்வொன்றாக மாற்றி வைத்தார், மூன்றாவது ஓட்டில் கச்சிதமாகப் பொருந்தியது, ஒரு மயிர் இடுக்கு இல்லை. என்ன ஃபிட்டிங் என்று வியந்தார். வெளிப்பக்கத்தைத் தடவினார், வழவழப்பு, பிடித்துத் திறக்க ஒரு கொக்கி இல்லை, நகம் போட இடமில்லை. நெம்பி எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினார். அங்கே சொரசொரவென்று ஒரு தழும்பு, சதை ஒட்டிக்கொண்டிருந்த இடம். இழுத்துச் சாத்துகிற பிடி முழுக்க உள்ளே. வெளியே இருக்கிறவனுக்கு அந்தக் கதவில் ஒரு வேலையும் கிடையாது. கோதண்டம் அந்த வில்லையை உள்ளங்கையில் வைத்தபடி நின்றார். அடுப்பை அணைக்க வேண்டும் என்று தோன்றியது, அணைக்கவில்லை. தாழ்ப்பாள் வெளியே இருக்கிறது. அந்த அறைக்கு அவர் வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார். இத்தனை வருஷம் தட்டுமுட்டுச் சாமானைப் போட்டுப் பூட்டிய கதவுக்குச் சாமான் அறைக்குப் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறார், பித்தளையில் வேறு. ஆயிரம் ரயில் பெட்டிக் கக்கூஸுக்கு உள்தாழ்ப்பாள் முடுக்கிய கை. முன்பின் தெரியாத பிரயாணிக்கெல்லாம் உள்ளேயிருந்து சாத்திக்கொள்ளக் கொடுத்துவிட்டு, இவளுக்கு. வெளியே நின்றுகொண்டு, எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது பார் என்று அவளுக்கே இழுத்துக் காட்டியிருக்கிறார். அவள் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள்.

மணி இரண்டே கால். அடுப்பை அணைத்தார். ஸ்க்ரூ டிரைவர் எங்கே? போன மாசம் தாழ்ப்பாளை முடுக்கிவிட்டு எங்கே வைத்தாரோ என்று ஒரு கணம் பதறி, தையல் பெட்டிக்குள் அவள் வைத்திருக்கும் சின்ன டிரைவரைக் கண்டுபிடித்தார். அவள் பெட்டியைத் திறந்ததற்கே ஒரு மாதிரி இருந்தது. பாபின்கள், ஊசி குத்திய பழைய துணி உருண்டை, மூக்குக்கண்ணாடியின் கழன்ற காது ஒன்று. மூடினார். ஆறு ஸ்க்ரூவையும் கழற்றிக் கதவின் உள்பக்கம் குறித்து, துளை போட்டு, முடுக்கினார். சின்ன டிரைவர் உள்ளங்கையில் கொப்புளம் போட்டது. வெளிப்பக்கத்தில் பழைய துளைகள் ஆறும் பல்லிளித்தன. மக்கு வைத்து அடைக்கலாம், வேண்டாம், பார்க்கட்டும். முடித்துவிட்டு வந்து எட்டு ஓட்டையும் துணியில் துடைத்தார். மணி மூன்று இருபது. இப்போது தொட்டியில் போட்டால்கூட மீன்கள் புகுந்துவிடும். கையில் ஒன்றை எடுத்துத் தொட்டி வரைக்கும் போனார். மூலையில் ஒட்டி நின்ற பெண்கள் அவர் நிழலைக் கண்டு இன்னும் இறுகி நின்றன. போடவில்லை. எட்டையும் ஒரு எவர்சில்வர் தட்டில் அடுக்கித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீரில் போடுவதும் பையில் போடுவதும் அவள் பாடு. அப்படி வைத்துவிட்டு நின்றார், கையிலிருந்த கடைசிச் சீட்டையும் போட்டுவிட்டவன் மாதிரி.

தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்கத்தான் உள்ளே போனார். சாத்தினார், இழுத்தார், இறுக்கமாக இருந்தது, உடம்பு பூராவும் கொடுத்துத் தள்ளினதும் டக்கென்று விழுந்தது. அப்புறம் உடனே திறக்கத் தோன்றவில்லை. சுண்ணாம்பு வாசனை, ஜன்னல் வலையில் சிறு சிறு கட்டங்களாக வெயில். தரையில் உட்கார்ந்தார். தனியாக உட்கார்ந்து என்ன பண்ணப் போகிறாய்? ஒன்றும் பண்ணவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். யாரும் வந்து தட்ட மாட்டார்கள் என்பது உடம்பில் மெல்ல இறங்கியது, தோள் தானாகத் தாழ்ந்தது. இதைத்தான் கேட்டிருக்கிறாள். இவ்வளவுதான், இதை மட்டும்தான். தூரத்தில் ஒரு வண்டி ஊதியது, அது அவளுடையதா சரக்கு வண்டியா தெரியவில்லை. எவ்வளவு நேரமோ. வாசலில் சாவி திரும்பிய சத்தம் கேட்டது. அவர் எழுந்திருக்கப் போனார், எழுந்திருக்கவில்லை. செருப்பு கழற்றுகிற சத்தம், பை தரையில் வைக்கிற சத்தம். பெரிய பைதான் போலிருக்கிறது, அல்லது காலிப் பெரிய பையாக இருக்கும், எடுத்துப் போவதற்கு. காலடி சமையல்கட்டுக்குப் போகவில்லை, நேரே தொட்டியிடம் போய் நின்றது. இந்த வீட்டுக்குள் அவள் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பதே அவருக்குப் போதும்போல் இருந்தது, போதாமலும் இருந்தது, எழுந்து ஓடி அந்த வளையல் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிடிக்கப் போகாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டார். அப்போது, ப்ளக் என்று ஒரு சத்தம். தண்ணீரில் என்னவோ விழுந்தது. இன்னொன்று. அவர் எண்ண ஆரம்பித்தார். மூன்று. நாலு. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் அவள் என்னவோ முணுமுணுத்தாள், இரு இரு, உனக்கும் உண்டு என்பது மாதிரி. ஏழு. எட்டாவது கேட்கவில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டினார். கேட்கவில்லை. காலடி இந்தப் பக்கம் வந்தது.

கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. மறுபடி தள்ளவில்லை. கதவின் வெளிப்பக்கத்தில் அவள் விரல் ஊர்கிற மெல்லிய சத்தம் கேட்டது, ஒரு துளையில் நின்று, அடுத்த துளைக்குப் போய், ஆறு துளையும் முடிகிற வரைக்கும். அப்புறம் ஒரு தட்டு. விரல் முட்டியால், மெதுவாக, ஒரே ஒரு தட்டு.

"வெளிய வாங்க" என்றாள் குணவதி. "அது என் ரூமு."

அவர் அவசரமாக எழுந்தார். முழங்கால் மரத்துப் போயிருந்தது. தாழ்ப்பாள் புதுசு, இடம் மாறினது வேறு, இழுக்க இழுக்க வரவில்லை. வெளியே அவள் காத்திருந்தாள். தொட்டியில் முக்கிவிட்டுப் போடாமல் அவள் கையோடு கொண்டுவந்த எட்டாவது ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட உள்ளே கேட்டது.